உங்கள் போன் ஒரு மணி நேரம் என் மேசையில் இருந்தால்

பதினான்கு வருடங்களாக போன் பழுது பார்க்கிறேன். உடைந்த திரை, உப்பிய பேட்டரி, தண்ணீரில் விழுந்தது, குழந்தை கடித்தது என்று எல்லாம் வரும். திரையை மாற்ற எனக்கு உங்கள் பின் நம்பர் தேவையில்லை. ஆனால் நான் வாய் திறப்பதற்குள் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். சிலர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, போனின் முதுகில் ஒட்டியே கொண்டுவருவார்கள்.

ஒருநாள் ஒரு பெரியவரிடம், “நம்பர் வேண்டாம்யா, பூட்டியே கொடுங்க” என்றேன். “இதுல ஒளிச்சு வைக்க என்ன தம்பி இருக்கு?” என்று சிரித்தார். சரி, உங்கள் அனுமதியோடு ஒன்று செய்து காட்டட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். அவருடைய போன் பூட்டியபடி மேசையில் கிடந்தது. நான் என் கணினியில் அவருடைய மின்னஞ்சல் முகவரியை அடித்து, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினேன். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. மேசையில் போன் ஒரு முறை அதிர்ந்தது. பூட்டிய திரையின் மேலேயே ஆறு இலக்க எண் பளிச்சென்று வந்து நின்றது. அதை என் கணினியில் அடித்ததும், புதிய பாஸ்வேர்டு என்ன வேண்டும் என்று கேட்டது. அந்த இடத்தில் நிறுத்தி, திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அந்த மின்னஞ்சலைத் திறந்தால் அவருடைய வங்கிக் கணக்கு, காப்பீடு, மருத்துவ அறிக்கைகள், பேரக்குழந்தைகளின் படங்கள் எல்லாவற்றுக்கும் வழி கிடைத்துவிடும். அவருடைய பின் நம்பர் எனக்குக் கடைசிவரை தேவைப்படவே இல்லை.

இணையத்தில் தனியுரிமை என்று பேச்சு வந்தாலே குக்கி, விளம்பரக் கம்பெனி, வேவு என்று போய்விடுகிறது. அதெல்லாம் உண்மைதான், ஆனால் வரிசையில் பின்னால் வர வேண்டியது. வாசல் கதவு திறந்து கிடக்கும்போது ஜன்னல் திரையைப் பற்றி யோசிக்க வேண்டாம். இந்த போன் முகம் தெரியாத ஒருவர் கையில் ஒரு மணி நேரம் இருந்தால் என்னென்ன திறக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதும் அந்த வரிசையில்தான்.

பூட்டிய திரையும் சிம்மும்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியைத் திறங்கள். பூட்டிய திரையில் எதைக் காட்டலாம் என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கும். அதன் பெயர் போனுக்குப் போன் மாறும், ஆனால் ‘சென்சிட்டிவ்’ என்ற சொல் பெரும்பாலும் வரும். அதை மறைக்கும்படி வையுங்கள். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் உள்ளே ‘ஷோ ப்ரிவ்யூஸ்’ இருக்கும். ‘வென் அன்லாக்டு’ என்று மாற்றுங்கள். செய்தி வந்திருக்கிறது என்பது தெரியும், என்ன செய்தி என்பது தெரியாது. மாற்றியதோடு விடாமல், போனைப் பூட்டிவிட்டு வீட்டில் யாரையாவது ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். மாற்றிவிட்டேன் என்று சொன்ன பலருடைய போனில் மாறாமலே இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புள்ளிகளை இணைத்துக் கோடு இழுக்கும் பேட்டர்ன் பூட்டு வேண்டவே வேண்டாம். போனை விளக்கடியில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், விரல் எண்ணெய் போன தடம் அப்படியே மினுங்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2010இல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார்கள். எனக்கு அது மேசையில் தினமும் பார்க்கிற காட்சி. எண்தான் நல்லது, அதுவும் ஆறு இலக்கம். நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள்தான் உண்டு. ஆறு என்றால் பத்து லட்சம். அந்தப் பத்தாயிரத்திலும் மனிதர்கள் போய் விழுகிற இடம் ஒன்றேதான். கசிந்த பாஸ்வேர்டு பட்டியல்களிலிருந்து 34 லட்சம் நான்கு இலக்க எண்களை எடுத்து 2012இல் எண்ணிப் பார்த்தபோது, பத்தில் ஒன்றுக்கும் மேல் 1234ஆகவே இருந்தது. பிறந்த வருடம், கல்யாண வருடமும் வேண்டாம். கைரேகை, முகம் எல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கிற எண் பலவீனமாக இருந்தால் கைரேகை வெறும் அலங்காரம்.

அப்புறம் சிம். போனை எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும், ஓர் ஊசியால் குத்தினால் சிம் தட்டு வெளியே வந்துவிடும். அந்த சிம்மை வேறு போனில் போட்டால் உங்களுக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் அங்கே வரும். இதைத் தடுக்கத்தான் சிம் லாக் இருக்கிறது. செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ அல்லது ‘சிம் பின்’ என்று தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: முதலில் இயக்கும்போது பழைய பின் கேட்கும். அது சிம் கம்பெனி வைத்த எண். தெரியாவிட்டால் அவர்களிடம் கேளுங்கள், குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். மூன்று முறை தப்பினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறப்பதற்கான ‘பக்’ (PUK) என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தப்பினால் சிம் செத்துப்போகும், வேறு சிம்தான் வாங்க வேண்டும்.

மின்னஞ்சல்: என் கதை

ஊருக்கெல்லாம் சொல்கிற நானே இதில் மாட்டினேன். ஏழு வருடங்களுக்கு முன்னால் உதிரிப் பாகங்கள் விற்கும் ஒரு தளத்தில் கணக்கு வைத்திருந்தேன். சும்மா விலை பார்ப்பதற்குத்தானே என்று மின்னஞ்சலுக்கு இருந்த பாஸ்வேர்டையே அங்கும் போட்டிருந்தேன். அந்தத் தளத்தின் பயனர் பட்டியல் எப்போதோ கசிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

ஒரு நாள் வழக்கமான வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். “நீங்க மெயில்ல சொன்ன புது அக்கவுண்ட்டுக்குப் பணம் போட்டுட்டேன், வந்துச்சா?” என்றார். நான் எந்தப் புது அக்கவுண்ட்டும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், என் பெயரில் அவருக்கு ஒரு கடிதம் போயிருந்தது. அன்றிரவே பாஸ்வேர்டை மாற்றினேன், வேலை முடிந்தது என்று தூங்கினேன். இரண்டு வாரம் கழித்து இன்னொருவர், மூன்று மெயில் போட்டும் பதில் இல்லையே என்று கோபித்துக்கொண்டார். என் பெட்டியில் அவருடைய கடிதம் ஒன்றுகூட இல்லை. கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தோண்டியபோதுதான் ஃபில்டர் பட்டியலில் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது. கடிதத்தில் ‘பில்’ அல்லது ‘பணம்’ என்று இருந்தால், அதை வேறொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு என் பெட்டியிலிருந்து அழித்துவிட வேண்டும். உள்ளே வந்தவர் சாவியைப் பறிகொடுப்பதற்கு முன்பே, சுவரில் ஓட்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஆகவே, பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கணினியின் உலாவியில் (பிரவுசரில்) திறங்கள், ஏனென்றால் போன் செயலியில் ஃபில்டர்கள் தெரியாது. செட்டிங்ஸுக்குள் ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்’ என்று ஒரு பக்கம், ‘ஃபார்வர்டிங்’ என்று ஒரு பக்கம் இருக்கும். நீங்கள் வைக்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. பிறகு கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்குப் போய், ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலில் உங்களுடையது அல்லாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். மீட்பு முகவரி, மீட்பு போன் எண் இரண்டையும் பாருங்கள். என்றைக்கோ விட்டுவிட்ட பழைய சிம் எண் அங்கே இருந்தால், இன்று அந்த எண் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் உங்கள் மாற்றுச்சாவி இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, உங்கள் கணக்கைத் தொட அனுமதி பெற்ற வெளிச் செயலிகளின் பட்டியல். என்றோ ஒரு வினாடி வினாவுக்குக் கொடுத்த அனுமதியெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும். நீக்குங்கள்.

உங்கள் முகவரி எந்தக் கசிவிலாவது இருக்கிறதா என்று பார்க்க ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கியது. மின்னஞ்சல் முகவரியை மட்டும் அடித்தால் எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று சொல்லும். கசிவு பார்த்துச் சொல்கிறேன், உன் மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் கொடு என்று கேட்கும் தளம் எதுவானாலும் உடனே மூடுங்கள்.

பாஸ்வேர்டும் பொய்யும்

ஒரே பாஸ்வேர்டு பல இடத்தில் இருப்பதுதான் நோய். பெரிய ஆட்களும் விதிவிலக்கு இல்லை. 2016இல் ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகளுக்குள் சிலர் புகுந்தார்கள். 2012இல் லிங்க்ட்இனிலிருந்து கசிந்த பட்டியலில் கிடைத்த பாஸ்வேர்டால் திறந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பிட்வார்டன், கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு மேலாளர் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அது உருவாக்கி அது நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது அதன் தலைமைப் பாஸ்வேர்டு ஒன்றுதான். அதற்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: 1995 முதல் ‘டைஸ்வேர்’ என்று புழங்குவது. ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்து இலக்க எண் வரும். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஆறு சொல். பகடை பொறுக்குவதுதான் முக்கியம், நாம் பொறுக்கினால் மனசு ஏற்கெனவே தெரிந்த இடத்துக்குத்தான் போகும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வரியை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு யாருக்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

செயலியெல்லாம் எனக்கு ஒத்துவராது என்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் கணினிப் படிப்பு படித்தவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும். உலகத்தின் மறுகோடியில் இருக்கும் திருடன் உங்கள் அலமாரிக்கு வரமாட்டான்; பத்து இடத்தில் போட்ட ஒரே பாஸ்வேர்டைத் தேடி நிச்சயம் வருவான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் கடைசி எண்ணை 1, 2, 3 என்று ஏற்றுவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்கூட 2017இலேயே அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கசிந்தது தெரிந்தால் மாற்றுங்கள், போதும்.

பாஸ்வேர்டு மறந்தால் கேட்பதற்கென்று சில தளங்கள் கேள்வி வைக்கும். அம்மாவின் பெயர் என்ன, முதல் பள்ளி எது. உண்மையைச் சொல்லாதீர்கள். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் தேர்தலில் நின்ற சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலை ஒரு கல்லூரி மாணவர் திறந்தது இந்த வழியில்தான். பிறந்த தேதி, கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. என் முதல் பள்ளியின் பெயர் ஓரிடத்தில் ‘ஈரமான ஏணி’ என்று இருக்கிறது. இன்னோர் இடத்தில் வேறு. பொய்களையும் மேலாளரிலேயே குறித்து வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் நானே மாட்டிக்கொள்வேன்.

இரண்டாவது பூட்டு

பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சான்று கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை மின்னஞ்சலுக்கும் பணம் புழங்கும் கணக்குகளுக்கும் இன்றே போடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண், ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் சிம் கம்பெனியை ஏமாற்றி உங்கள் எண்ணுக்கு நகல் சிம் வாங்கிவிட்டால் அது பலிக்காது. ட்விட்டரின் தலைவராக இருந்த ஜாக் டார்சியின் கணக்கே 2019 ஆகஸ்டில் அவருடைய போன் எண்ணைக் கைப்பற்றியவர்களிடம் போனது. 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலி இன்னும் நல்லது, சிம்முக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போனைத் திறக்கும் கைரேகையாலோ எண்ணாலோ உள்ளே விடும் பாஸ்கீ கிடைக்கிற இடத்தில் அதுவே மேல். போலித் தளத்தில் போய் நின்றால் நீங்கள் ஏமாந்தாலும் பாஸ்கீ ஏமாறாது, ஏனென்றால் அது உண்மையான முகவரிக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

இதில் என் மேசைக்கு அடிக்கடி வரும் அழுகை வேறு வகை. போன் தண்ணீரில் போய்விட்டது, ஆத்தென்டிகேட்டர் அதற்குள் இருந்தது, இப்போது சொந்தக் கணக்குக்குள் சொந்தக்காரரே போக முடியவில்லை. இரட்டைச் சரிபார்ப்பைப் போடும்போதே மாற்றுக் குறியீடுகள் தருவார்கள். கூகுள் பத்து தரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பது, சாவியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டுவது மாதிரி.

செயலிகள் கேட்பது

புதுச் செயலி எதைக் கேட்டாலும் ‘அலோ’ அழுத்திவிடுவது கை பழகிய வேலையாகிவிட்டது. 2013இல் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு டார்ச் செயலியின் மீது நடவடிக்கை எடுத்தது. விளக்கு எரியவைப்பது மட்டுமே அதன் வேலை. போன் இருக்கும் இடத்தை விளம்பரக் கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்று போன்கள் கொஞ்சம் புத்திசாலி. ஆண்ட்ராய்டு 12 முதல் பிரைவசி டாஷ்போர்டு என்று ஒன்று இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்தில் யார் கேமராவைத் தொட்டார், யார் மைக்கைத் தொட்டார், யார் இடத்தைக் கேட்டார் என்று நேரத்தோடு காட்டும். ஐபோனில் ஆப் பிரைவசி ரிப்போர்ட்டை இயக்கி வைத்தால் ஏழு நாள் கணக்கு கிடைக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள், உங்களுக்கே தெரிந்துவிடும் யாரை வெளியேற்ற வேண்டும் என்று. இடம் தேவைப்படும் செயலிக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். வானிலை சொல்வதற்குத் துல்லியமான இடம் எதற்கு? ‘அப்ராக்ஸிமேட்’ போதும். படங்களைக் கேட்டால் முழு ஆல்பத்தையும் கொடுக்காமல், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுங்கள். தொடர்பு எண்களைக் கேட்டால் கூடுதலாக யோசியுங்கள். அது உங்கள் சொத்து இல்லை. உங்களை நம்பி எண் கொடுத்த முந்நூறு பேருடைய சொத்து.

இவை எல்லாவற்றையும்விட ஆண்ட்ராய்டில் நான் பயப்படுவது ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதிக்குத்தான். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும், கையை அசைக்க முடியாதவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உருவான நல்ல வசதி. அதை ஒரு கெட்ட செயலியிடம் கொடுத்தால், திரையில் இருப்பதையெல்லாம் அது படிக்கும், உங்களுக்குப் பதிலாக அதுவே அழுத்தும். வங்கிச் செயலியைத் திறக்கும், ஓடிபியைப் படிக்கும், ‘ஓகே’ கொடுக்கும். இப்படி வந்த போன் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தச் செயலியை நீக்கப் போனால், நீக்கும் பொத்தானை என் விரல் தொடுவதற்குள் திரை தானாகப் பின்னால் போனது. திரும்பப் போனேன், திரும்ப வந்தது. பேய் பிடித்தது போல இருந்தது. வெளிச் செயலிகள் ஓடாத சேஃப் மோடில் போட்டுத்தான் பிடுங்க முடிந்தது.

அது எப்படி உள்ளே வந்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “கல்யாணப் பத்திரிகைன்னு வந்துச்சு அண்ணா, திறந்தேன்” என்றார். வாட்ஸப்பில் வந்த ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், செயலியாக வராது. செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ பட்டியலைத் திறந்து, வாட்ஸப், உலாவி உட்பட எல்லாவற்றுக்கும் அனுமதியை நிறுத்துங்கள். அப்படியே ‘ஆக்சஸிபிலிட்டி’, ‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’, ‘டிவைஸ் அட்மின்’ மூன்று பட்டியலையும் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் சந்தேகத்தின் பலனை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

இணைப்பு வந்தால் முகவரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். தொடக்கத்தில் இருக்கும் ‘https://’ஐ விட்டுவிட்டு, அதன் பிறகு முதல் சாய்கோடு வரும் இடத்தில் நின்று, அங்கிருந்து பின்னோக்கிப் புள்ளியால் பிரிந்த இரண்டு துண்டு. ‘உங்கள்வங்கி.சரிபார்ப்பு-மையம்.காம்’ என்று இருந்தால், அதன் சொந்தக்காரர் சரிபார்ப்பு-மையம். முன்னால் இருக்கும் வங்கியின் பெயர் வெறும் முகமூடி. சில நாட்டு முகவரிகளில் கடைசியில் இரண்டு துண்டு சேர்ந்தே வரும், அங்கே மூன்றாவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாட்ஸப்

மூன்று இடம்தான். ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ போட்டு ஆறு இலக்கப் பின் வையுங்கள். ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து, தெரியாத கணினி இருந்தால் துண்டியுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே வேவு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருவார்கள். மூன்றாவது, பேக்கப். உரையாடல்கள் இரு முனைக்கும் நடுவே பூட்டித்தான் போகின்றன, ஆனால் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ சேரும் நகலுக்கு அந்தப் பூட்டு வேண்டுமென்றால் நீங்கள் தனியாகப் போட வேண்டும். 2021இல் வந்த வசதி இது. அதன் பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் மீட்டுத்தர முடியாது, என்னாலும்தான். மற்றபடி, “தெரியாம உங்களுக்கு ஒரு ஆறு நம்பர் கோடு வந்திருச்சு, அனுப்புங்களேன்” என்று யார் கேட்டாலும், கேட்பது சொந்தச் சித்தியின் எண்ணாகவே இருந்தாலும், முதலில் சித்தியைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

படங்கள்

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். போலீஸால் தேடப்பட்டுக்கொண்டிருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபி 2012 டிசம்பரில் குவாத்தமாலாவில் இருப்பது வெளிப்பட்டது, ஒரு பத்திரிகை வெளியிட்ட படத்துக்குள் இருந்த ஜிபிஎஸ் எண்களால்தான். கேமரா செட்டிங்ஸில் இடம் குறிப்பதை நிறுத்திவிடலாம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு கழன்றுவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் கூடவே போகும்.

குறிப்பைவிடப் படத்தில் தெரிவதே பல நேரம் காட்டிக்கொடுக்கும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020இல் தன் போர்டிங் பாஸைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவு எண்ணை வைத்து விமான நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைந்த ஒருவருக்கு, அந்தப் பக்கத்தின் மூல நிரலிலேயே அவருடைய பாஸ்போர்ட் எண்ணும் போன் எண்ணும் கிடைத்தன. பயணச்சீட்டு, வேலைக்கான அடையாள அட்டை, புது வீட்டுச் சாவி, குழந்தையின் சீருடையில் பள்ளிப் பெயர்: பதிவிடுவதற்கு முன் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி நான்கு மூலையையும் பாருங்கள். அடையாள அட்டையின் நகலை யாருக்காவது அனுப்பியே ஆகவேண்டும் என்றால், எதற்காக, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

உலாவி

இதில் நான் சுருக்கம். உலாவியின் இன்காக்னிட்டோ முறை உங்கள் கருவியில் தடத்தை விடாது, அவ்வளவுதான். இணைய இணைப்பு தருபவருக்கும் நீங்கள் போகும் தளத்துக்கும் நீங்கள் தெரிவீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யுபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு நீட்சியைச் சேர்த்தால் பின்தொடரும் நிரல்களில் பெரும்பகுதி நின்றுவிடும். கூகுள் கணக்கில் தேடல் வரலாறு தானாக அழியும்படி 3, 18, 36 மாதம் என்று வைக்கலாம்; 3 வையுங்கள். பெயர் இல்லையே, வெறும் தேடல்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆராய்ச்சிக்கென்று ஆறரை லட்சம் பேரின் தேடல்களைப் பெயரை நீக்கிவிட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே, 4417749 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்மணியை நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் தேடிய சொற்களே வழி சொல்லியிருந்தன.

பழுதுக்குக் கொடுக்கும்போது

இனி என் தொழிலுக்கே வருகிறேன். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தினர் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நடப்பதையெல்லாம் ரகசியமாகப் பதிவு செய்யும் மடிக்கணினிகளை வெவ்வேறு பழுது பார்க்கும் இடங்களில் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். ஆறு இடங்களில் பணியாளர்கள் தேவையில்லாமல் உள்ளே மேய்ந்திருந்தார்கள், இரண்டு இடங்களில் நகலே எடுத்திருந்தார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி நானே சொல்வது கசப்புதான்.

முதலில் பேக்கப் எடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சாம்சங் போனில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ இருந்தால் இயக்கிவிட்டுக் கொடுங்கள். உங்கள் படங்களும் செய்திகளும் பூட்டிக்கொள்ளும், எங்களுக்குச் சோதிக்க ஒரு வெற்று போன் கிடைக்கும். அது இல்லாத போன் என்றால் பூட்டியே கொடுங்கள். தொடுதிரை வேலை செய்கிறதா என்று அவசர அழைப்புத் திரையில் எண்களை அழுத்தியே பார்த்துவிடலாம்; கேமராவைப் பூட்டிய திரையிலிருந்தே திறக்கலாம். பின் நம்பர் இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால், எதைச் சோதிக்க என்று கேளுங்கள். பதில் நியாயமாக இருந்தால், எதிரில் உட்கார்ந்து நீங்களே திறந்து கொடுங்கள்.

விற்கும்போது

இன்றைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுமொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் அந்தச் சாவி அழிந்துவிடும், பிறகு தோண்டி எடுப்பது நடக்காத காரியம். ரீசெட் செய்வதற்கு முன் ஆண்ட்ராய்டில் அந்தப் போனிலிருந்து மட்டும் கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோனில் ‘ஃபைண்ட் மை’யை நிறுத்துங்கள். இல்லையென்றால் வாங்கியவர் திறக்க முடியாமல் உங்களைத் தேடி வருவார், அல்லது பாஸ்வேர்டைக் கேட்டுக் கூப்பிடுவார். நீங்களும் பாவம் பார்த்துச் சொல்லிவிடுவீர்கள்.

ரீசெட் தொடாத இடம் மெமரி கார்டு. அது பெரும்பாலும் பூட்டாமல்தான் இருக்கும், எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும். கொடுப்பதற்கு முன் சிம் தட்டை ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள். விற்றுவிட்டுப் போன போன்களிலிருந்து எடுத்த கார்டுகள் ஒன்பது, ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் தேதி எழுதி, என் இழுப்பறையில் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் தேடி வருவார்கள் என்றுதான் வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டே பேர் வந்தார்கள்.